மஞ்சள் கோடு வரை

எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாற்காலியை விட்டு எழுந்து, தரையில் ஒட்டியிருக்கிற மஞ்சள் பட்டை வரைக்கும் நடந்து, அங்கே திரும்பி, வந்து மறுபடியும் இதே நாற்காலியில் உட்கார வேண்டும். நடக்கப் பழகிய குழந்தைகூடச் செய்துவிடும். இதற்குப் போய் ஒரு பரீட்சை, பரீட்சைக்கு ஒரு கடிகாரம், கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். திருமூர்த்திக்குச் சிரிப்புத்தான் வரவேண்டும். வரவில்லை. கைப்பிடிகளைப் பற்றியிருந்த உள்ளங்கைகள் இரண்டும் ஈரமாகியிருந்தன. "ரெடிங்களா கண்டக்டர் ஐயா? ஸ்டார்ட்னு சொன்னதும் எந்திரிங்க," என்றாள் பிசியோதெரபி ஜெனி. முதல் நாள் தாத்தா என்று கூப்பிட்டவள்தான். தாத்தா எல்லாம் வேண்டாம் அம்மிணி, வால்பாறை ரூட்டில் முப்பது வருசம் கண்டக்டராக நின்றவன் நான் என்று இவர் முறுக்கிக்கொண்ட பிறகு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். கதவோரம் மகள் சுகுணா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். சுவரோரப் பெஞ்சில், மடியில் துணிப்பையோடு மனைவி ராமாத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் சுகுணாவின் கார் நிற்கிறது. அது இங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இந்த நடைதான் சொல்லப்போகிறது. ஒழுங்காகப் போய்வந்தால் பொள்ளாச்சியில் சொந்த வீடு. தடுமாறினால் திருப்பூரில் மகள் வீட்டுக் கீழறை. அங்கே இரண்டு பக்கமும் கம்பி வைத்த கட்டில் ஒன்று வாங்கிப் போட்டாகிவிட்டது. போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். தொட்டில் மாதிரி இருந்தது. நல்ல கட்டில்தான் கண்ணு என்று மகளிடம் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சோறு இறங்காமல் மோரை மட்டும் குடித்தார்.

"ஸ்டார்ட்." கால் அசையவில்லை. அது இவருக்கான சொல்லே இல்லை. இவர் குரல் கொடுத்த பிறகுதான் வண்டி நகரும் என்று வாழ்ந்த மனிதர். இன்னொருத்தர் சொல்லி நகர்ந்து பழக்கமில்லை. கல்யாணமான புதிதில் வீட்டிலும் அந்தப் பாட்டுத்தான். சாப்பிட்டுக் கை கழுவினால் ரைட், விளக்கை அணைத்தால் ரைட், மாமனார் வீட்டுக்குக் கிளம்பினால் தெருவுக்கே கேட்கிற மாதிரி போலாம் ரைட். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த ராமாத்தாள், "இது வீடுங்க, பஸ்ஸில்லீங்க," என்று ஒரே பேச்சில் அந்த வார்த்தையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாள். அதோடு சரி. அது உள்ளே வரவேயில்லை. அவள் அதிகம் பேசமாட்டாள், பேசினால் அது சட்டம். இப்போதும் பேசாமல்தான் உட்கார்ந்திருக்கிறாள், பையின் காதைத் திருகிக்கொண்டு. ஒண்ணும் அவசரமில்லைங்கய்யா, நிதானமா, இன்னொரு தடவை சொல்றேன் என்று ஜெனி கடிகாரத்தை அழுத்தித் திரும்ப வைத்தாள். நிதானம். எழுந்தால் இருட்டு வரும். வருமா? இத்தனை வாரமாக வரவில்லையே. வரவில்லை என்பதற்காக இன்றைக்கு வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள். அது சொல்லிவிட்டு வருகிற ஆளா. முதலில் கண்ணின் ஓரங்கள் மங்கும், மலையில் மூடுபனி இறங்குகிற மாதிரி. காதுக்குள் ஓர் இரைச்சல். நாக்கு வறளும். அப்புறம் தரை எழுந்து மேலே வரும். மனிதன் விழுவதில்லை, தரைதான் வருகிறது; அனுபவித்தவனுக்குத் தெரியும். முதல்முறை அது வந்தது ஒரு காலை வேளையில். பால்காரர் ஹாரன் அடித்தார், இவர் படுக்கையிலிருந்து சடாரென்று எழுந்தார், நாலு எட்டு வைத்ததும் தரை வந்துவிட்டது. ஓடிவந்த ராமாத்தாளிடம், தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கிருச்சு என்றார். தரை காய்ந்து கிடந்தது. அவள் அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, ஒரு துணியைக் கொண்டுவந்து அந்தக் காய்ந்த தரையைத் துடைத்தாள். அந்தத் துணியை நினைத்தால் இன்றைக்கும் இவருக்கு முகம் சுடுகிறது.

இரண்டாவது முறை மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில். கீழே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்து எழுந்தவர், எழுந்த வேகத்திலேயே பக்கத்து ஆளின் பாயசத்தில் கைவைத்து உட்கார்ந்தார். கால் மரத்துப்போச்சு என்றார். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார், பாயசக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அதுவரைக்கும்கூடச் சமாளித்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் இவரை முறித்துப் போட்டது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு. மலை வண்டியில் ஆழியார் வரை சும்மா ஒரு சுற்றுப் போய்வருவது ஓய்வு பெற்ற பிறகு இவருக்கு ஒரு பைத்தியம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், வண்டி வந்தது, எழுந்தார். அவ்வளவுதான் நினைவு. கண் திறந்தபோது நெற்றியில் ரத்தம், சுற்றிலும் செருப்புக் கால்கள். குனிந்து பார்த்த ஓர் இளம் கண்டக்டர், தோளில் இவர் மாட்டியிருந்த மாதிரியே பை மாட்டியவன், "பெருசு, காத்தாலயே ஏத்தியாச்சா?" என்று கேட்டுவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டான். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. குடித்துவிட்டு ஏறியவர்களைச் சீட்டில் உட்கார வைத்து, மேலே சாய்ந்தவர்களைத் தாங்கி, பத்திரமாக இறக்கிவிட்ட ஆளுக்கு, தன் ஸ்டாண்டில், தன் வண்டி எதிரில், தன் தொழில்காரன் கையால் அந்தப் பட்டம். நான் குடிக்கலை என்று சொல்ல வாயெடுத்தார், நாக்கு குழறியது. குழறியதும் சுற்றி நின்றவர்களுக்கு ஊர்ஜிதமாகிவிட்டது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து புதுச் செருப்பு வழுக்கிருச்சு என்றார். ராமாத்தாள் செருப்பைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலமே சுகுணா வந்தாள், வாக்கர் வந்தது, அடுத்த மாதம் கம்பிக் கட்டில் வந்தது. இவர் தெருவுக்குப் போவதை விட்டுவிட்டார்.

நெஞ்சில் கையை வைத்துச் சொன்னால் தப்பு யாருடையது. யாருடையதுமில்லை, அதுதான் வேடிக்கை. எல்லாரும் பாசம் வைத்தார்கள், பாசம் இவரைக் குப்புறத் தள்ளியது. வீடு தேடிவந்து பிரஷர் மாத்திரை கொடுக்கும் சுகாதாரப் பணியாளர் வசந்தாமணி, பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் இவர் வண்டியில் போனவள். நிறுத்தம் இல்லாத இடத்தில்கூட மழைக்கு ஏற்றிக்கொண்டாரே, அதை மறக்காதவள். அண்ணா, தவறாமச் சாப்பிடுங்க என்று கையில் வைத்துவிட்டுப் போவாள். ஒரு தடவை திருப்பூரில் சுகுணா பெரிய டாக்டரிடம் காட்டி, பளபளவென்று அட்டையில் வேறு மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். இனிமே இதுதான்ப்பா, பழசை நிறுத்திருங்க என்றாள். சரி கண்ணு என்றார். அடுத்த மாதம் வசந்தாமணி வந்தபோது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். முகம் வாடிவிடும். வாங்கிக்கொண்டார். வாங்கியதைத் தூர எறிய மனசு வரவில்லை. மருந்தை எறிந்தால் நோய் திரும்பும் என்று எங்கேயோ ஒரு நம்பிக்கை. காலையில் வசந்தாமணிக்கு ஒன்று, ராத்திரி மகளுக்கு ஒன்று. இதில் அரிப்பு என்று மெடிக்கல்காரரிடம் போனவருக்கு அவர் ஒரு குட்டி மஞ்சள் மாத்திரை கொடுத்தார். அரிப்பும் போனது, தூக்கமும் பிரமாதமாக வந்தது. அரிப்பு போன பிறகும் தூக்கத்துக்காக அதை விடவில்லை. மூன்று பேர் மனசும் கோணாமல் ஒரு வருசம் விழுங்கினார். யாரிடமும் இன்னொருத்தரைப் பற்றி மூச்சு விடவில்லை. கடைசியில் இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து, டாக்டரம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கேட்டபோதும், மகள் பக்கத்தில் நின்றதால் மகள் மாத்திரையை மட்டும் காட்டினார். அப்போதுதான் ராமாத்தாள் எழுந்து வந்தாள். இதே துணிப்பை. மேசைமேல் கவிழ்த்தாள். வசந்தாமணியின் காகித உறைகள், மகளின் அட்டைகள், மெடிக்கல்காரரின் பொட்டலம், எல்லாம் டாக்டரம்மாவின் மேசையில் சரசரவென்று. "தரை ஈரமில்லீங்க. ஒரு நாளும் ஈரமில்லீங்க," என்றாள். ஒரு வருசமாகத் துடைத்தவள்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இவரைக் கட்டிலில் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார், நிற்க வைத்து உடனே இன்னொருமுறை பார்த்தார். நிற்க வைத்ததில் அது கிணற்றில் கல் போட்ட மாதிரி இறங்கியிருந்தது. இந்த உறையில் இருக்கிறதும் அந்த அட்டையில் இருக்கிறதும் ஒரே மருந்துங்க ஐயா, பேர்தான் வேற என்றார். மஞ்சள் மாத்திரை இந்த வயசில் தலையைக் கிறங்க வைக்குமாம். இவருக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. ஒரே ரூட்டில் ஒரே நேரத்துக்கு வேறு வேறு போர்டு மாட்டி இரண்டு வண்டியை விட்டிருக்கிறோம். கண்டக்டருக்கே தெரியாமல் போயிற்று. அன்றைக்குச் சுகுணா அழுதாள், கோபத்திலா வேறெதிலா என்று தெரியவில்லை. டாக்டரம்மா இரண்டை நிறுத்தினார், மிச்சமிருந்ததைக் குறைத்தார், தூங்கி விழித்தால் கட்டில் விளிம்பில் சித்த நேரம் உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னார், ஜெனியிடம் அனுப்பினார். இருட்டு போய்விட்டது. அன்றோடு போய்விட்டது. ஆனால் கால்கள் நம்பவில்லையே. மருந்து உடம்பை விட்டு இறங்கிவிட்டது, பயம் இறங்க மாட்டேன் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டிக்கெட் வாங்காத பயணி. வாக்கரைப் பிடித்தால் நடக்கிறார், ஜெனியின் கையைப் பிடித்தால் நடக்கிறார், சும்மா நட என்றால் முழங்கால் கெஞ்சுகிறது. பயந்து பயந்து நடக்கிறவர் மறுபடி விழுவாரு, அதனால நடையைப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன் என்று டாக்டரம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த மஞ்சள் கோடு.

"ஸ்டார்ட்." எழுந்தார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. யோசித்துக்கொண்டிருந்ததில் உடம்பு தானாக எழுந்துவிட்டது. கைப்பிடியை விட்ட கைகள் காற்றில் எதையோ தேடுகின்றன. இருட்டு? ஓரங்களைப் பார்த்தார். வலது ஓரத்தில் சுவரில் முதுகெலும்புப் படம், இடது ஓரத்தில் சுகுணாவின் சேலை, பச்சை. பச்சையாகவே இருக்கிறது. இரைச்சல்? மின்விசிறி. வெறும் மின்விசிறி. ஓர் அடி வைத்தார். தரையைப் பாக்காதீங்க, எதிர்ல பாருங்க என்று ஜெனி தினமும் சொல்வது. தரையைப் பார்க்காமல் எப்படி, தரைதானே எதிரி, எதிரியை விட்டுக் கண்ணை எடுக்கலாமா. எடுத்தார். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பங்கிளை ஆடுகிறது. ஆடட்டும். வால்பாறை மலையில் அட்டகட்டிக்கு மேலே வண்டி இரண்டு பக்கமும் ஆடும், ஏறின கூட்டம் முழுக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கும், நடுவில் இவர் ஒருவர்தான் எதையும் பிடிக்காமல். ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை, பிடிக்க மூன்றாவது கையா இருக்கிறது. எப்படி நின்றேன்? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் மாதம் விழுந்து விழுந்து எழுந்து, ஒரு பூக்காரியின் கூடைமேல் விழுந்து, டிரைவர் கனி பாய் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்க, எப்போதோ ஒரு நாள் கால்கள் தாமாகக் கற்றுக்கொண்டன. ஆக, இதற்கு முன்னாலும் விழுந்திருக்கிறேன். விழுந்துதான் கற்றுக்கொண்டேன். இதை எப்படி மறந்தேன். இன்னோர் அடி. பாதத்தில் தரை குளிர்ச்சியாக இருந்தது, அது இருக்கிற இடத்திலேயே இருந்தது, எழுந்து வரவில்லை. மஞ்சள் கோடு கிட்டத்தில் வந்துவிட்டது.

திரும்ப வேண்டும். இங்கேதான் சங்கடம். நேராகப் போவது ஒரு விஷயமே இல்லை, திரும்புகிற இடத்தில்தான் உடம்பு இரண்டாகப் பிரிகிறது. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நின்றுவிட்டார். கால் இரண்டும் கோட்டின்மேல் ஒட்டிக்கொண்டன. பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம், சுகுணாவாகத்தான் இருக்கும், சின்ன வயதில் ஊசி போடும்போது அப்படித்தான் இழுப்பாள். ஓடிவந்து பிடித்துவிடுவாளோ. பிடித்துவிடாதே கண்ணு. பிடித்தால் முடிந்தது. பிடித்த கை நல்ல கைதான், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கம்பிக் கட்டில் கண்முன் வந்தது. அதில் படுத்துக்கொண்டு மேலே பார்க்கிற தன் முகம் வந்தது, பஸ் ஸ்டாண்டில் குனிந்த அந்தப் பையனின் முகமும் வந்தது. வியர்த்தது. போங்கடா என்று இருந்தது. எத்தனை பேரைப் பிடித்திருக்கிறது இந்தக் கை. ஒருமுறை மத்தியான மூடுபனி, எதிரில் திடீரென்று லாரி, கனி பாய் பிரேக்கை மிதித்தார், எஸ்டேட்டுப் பெண்ணொருத்தி வயிற்றுப் பிள்ளையோடு முன்னால் பறந்தாள். இவர் ஒற்றைக் கையில் அவளைத் தடுத்து நிறுத்தினார், சில்லறை முழுக்கச் சிதறியது, இவர் மட்டும் அசையவில்லை. எப்படி? காலை அகட்டி, ஒன்றை முன்னே ஒன்றைப் பின்னே வைத்து, முட்டியை இளக்கி. வளைவில் வண்டியோடு முறைக்கக் கூடாது, அது சுற்றுகிற பக்கம் நாமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். ஒரே கால்ல திரும்பாதீங்க, சின்னச் சின்னதா எட்டு வெச்சுத் திரும்புங்க என்று ஜெனியும் இதையேதான் படித்துப் படித்துச் சொன்னாள். நீ பிறக்கும் முன்னே எனக்குத் தெரியும் என்கிற திமிரில் இவர்தான் காதில் வாங்கவில்லை. இப்போது வாங்கினார். அகட்டினார். முட்டியை இளக்கினார். ஒரு சின்ன எட்டு, இன்னொரு சின்ன எட்டு. ஜன்னல் நகர்ந்து போயிற்று, முதுகெலும்புப் படம் நகர்ந்து போயிற்று. கொண்டை ஊசி வளைவு மெல்ல மெல்ல விரிந்தது. விரிந்து முடிந்தபோது நேர் எதிரே ராமாத்தாள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பையைத் திருகுவதை நிறுத்தியிருந்தாள். இனி எல்லாம் இறக்கம். அட, எவ்வளவு சுகமாக இருக்கிறது, ஒன்றையும் பிடிக்காமல் ஒரு மனிதன் அறையின் நடுவே நடப்பது. கைகள் தாமாக வீச ஆரம்பித்தன, வலக்கை முன்னே, இடக்கை பின்னே. இவற்றை யாரும் கேட்கவேயில்லை, பழைய வேலையாட்கள் கூப்பிடாமலே வேலைக்கு வந்துவிட்ட மாதிரி வந்துவிட்டன. சந்தோசம் என்றால் சாதாரணச் சந்தோசமில்லை. வீட்டுக்குப் போனதும் முதலில் தெருமுனை வரை போகவேண்டும். வசந்தாமணியிடம் உள்ளதைச் சொல்லவேண்டும், முகம் வாடினால் வாடட்டும், உட்கார வைத்து ஒரு காபி கொடுத்தால் மலர்ந்துவிடும். அப்புறம் ஆழியார். அந்தப் பையன் வண்டியாகவே இருக்கட்டும். டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்கும்போது கம்பியைப் பிடித்து நிதானமாக இறங்கவேண்டும். பிடிப்பதில் என்ன வெட்கம், கம்பி எதற்கு வைத்திருக்கிறான். நாற்காலி வந்துவிட்டது. அவசரப்படவில்லை. பின்னங்கால் நாற்காலியில் படும்வரை பின்னுக்கு வந்து, கைப்பிடியைத் தேடிப் பிடித்து, மெல்ல இறங்கி உட்கார்ந்தார். கடிகாரம் டிக்கென்றது. ஜெனி அதைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், முகம் முழுக்கச் சிரிப்பாக, டாக்டரம்மாவைக் கூட்டிவர ஓடினாள்.

டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்துவிட்டு, வீட்டுக்கே போலாமுங்க ஐயா என்றார். வெளியே போனால் கைத்தடி கட்டாயம், பாத்ரூமில் பிடிக்கக் கம்பி போடவேண்டும், யார் எந்த மாத்திரை கொடுத்தாலும் இங்கே காட்டாமல் வாயில் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சுகுணா கிட்டே வந்து, "அந்தக் கட்டில என்னப்பா பண்றது?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. திருப்பிக் குடுத்துரு கண்ணு என்றார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு; விழாமல் இருப்பதற்காக அல்ல, சும்மா பிடித்தார். ஜெனி கைத்தடியைக் கொண்டுவந்து பக்கத்தில் சாத்தினாள். ராமாத்தாள் எழுந்தாள். மூலையில் நின்ற வாக்கரை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், துணிப்பையைத் தோளில் மாட்டினாள். ஒரு கண்டக்டர் பையை மாட்டுகிற தோரணை அதில் கொஞ்சம் இருந்ததா, இவருக்குத்தான் அப்படித் தெரிந்ததா. வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். டாக்டரம்மாவும் மகளும் இருக்கிறார்கள் என்ற கூச்சம் ஒரு கணம் முகத்தில் வந்து போயிற்று. பிறகு, இத்தனை வருசம் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த வார்த்தையைத் தானே உள்ளே அழைத்து வந்தாள்.

"போலாம் ரைட்," என்றாள் ராமாத்தாள்.

திருமூர்த்தி எழுந்தார். கண் இருட்டுகிறதா என்று பார்க்க மறந்துபோய், தடியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.